மூணு தவளையும் ஒரு பூட்டும்

அம்பது. இந்த நம்பரை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அந்தம்மா எங்க டிப்போவுல பஸ் டிரைவரா வேலைக்குச் சேர்ந்தப்ப அவங்க பஸ்ஸுக்குப் பூட்டுப் போட்ட வேகம் அது. மணிக்கு அம்பது கிலோமீட்டர். பூட்டுன்னா கதவுக்குப் போடறது இல்ல. எஞ்சினுக்குப் போற டீசலை ஒரு அளவுக்கு மேல விடாம பிடிச்சு வைக்கிற சின்ன சாமான். மெக்கானிக் திருகாணியைத் திருப்பி, ஈயத்தால சீல் வச்சிருவான். அதுக்கப்புறம் ஆக்ஸிலேட்டர் மேல ஏறி நின்னு குதிச்சாலும் வண்டி அந்த அளவைத் தாண்டாது.

எல்லா பஸ்ஸுக்கும் பூட்டு உண்டு. அதை யாரும் மறுக்கல. ஆம்பளைங்க ஓட்டின பஸ்ஸுக்கு எழுபது. இவங்க ஓட்டின பஸ்ஸுக்கு அம்பது. அதே ரூட், அதே மாடல், அதே நேரம். காரணம் கேட்டா பாதுகாப்புன்னாங்க. யாருக்குப் பாதுகாப்பு? பின்னாடி வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சான். பயணிங்க ஆமை வண்டின்னு பேர் வச்சாங்க. லேட்டா வந்ததுக்கு நிர்வாகம் மெமோ குடுத்துச்சு. காலைக் கட்டிப் போட்டுட்டு ஏன் ஓடலன்னு கேட்டா எப்படி? நான் அப்ப அந்த டிப்போவுல சங்கத்து ஆள். பேச்சுவார்த்தைக்குப் போறப்பெல்லாம் இதைத்தான் முதல்ல வச்சோம். டீ குடுத்தாங்க, பிஸ்கட் குடுத்தாங்க, பதில் குடுக்கல. அந்தம்மா ரிட்டையர் ஆகற நாள் வரைக்கும் அந்த ஈயம் அசையல.

டிப்போவுல டிரைவர்னு கூப்பிட்டா பத்துத் தலை திரும்பும். டிரைவரம்மான்னு கூப்பிட்டா ஒரே தலை. குட்டையான உருவம், கனத்த முன்னங்கை. பேசறப்ப கண்ணு நம்ம முகத்துல நிக்காது. வலப்பக்கக் கண்ணாடி, இடப்பக்கக் கண்ணாடின்னு போய்ப் போய் வரும். வீட்டு சோஃபாவுல உக்காந்திருந்தாலும் அப்படித்தான். கண்ணாடி இருக்கோ இல்லையோ, பார்வை போய்ட்டு வந்துரும்.

அவங்க ரூட்டுல தினம் காலையில ஒரு கார் பின்னாடியிருந்து வரும். தாழ்வா, அகலமா, முட்டைக்கண் விளக்கோட. கம்பெனி வச்ச பேரு யார் வாயிலயும் நுழையல. கார் பைத்தியங்க வச்ச பேரு தவளை. வந்து பஸ்ஸுக்குப் பின்னாடி கொஞ்சம் பதுங்கும். அப்புறம் ஒரு விசில் கேக்கும். அது டர்போ. புகைக்குழாய் வழியா வீணாப் போற சூட்டுக் காத்தைப் பிடிச்சு ஒரு காத்தாடியைச் சுத்த வச்சு, எஞ்சினுக்குள்ள கூடுதலா காத்தை அடைக்கிற ஏற்பாடு. விசில் கேட்ட மறு நொடி தவளை தாவிரும். இவங்க பஸ்லயும் டர்போ உண்டு. அதே விசில். ஆனா தாவ விட்டாத்தானே.

ரிட்டையர் ஆகி மாலையெல்லாம் வாடறதுக்குள்ள, சாப்பாட்டு மேஜையில சொல்லிட்டாங்க. "நான் ஒரு தவளை வாங்கப் போறேன்."

மருமக கரண்டியைக் கீழ வச்சா. "வளக்கறதுக்கா அத்தை?"

"ஓட்டறதுக்கு."

மகனுக்குப் புரிஞ்சிருச்சு. அவன் இன்சூரன்ஸ் கம்பெனியில விபத்துக்கார வண்டிங்களைப் பாத்து அறிக்கை எழுதற வேலையில இருக்கான். காலையில எழுந்து போனா சாயங்காலம் வரைக்கும் நசுங்கின கதவு, உடைஞ்ச கண்ணாடி, பின் சீட்ல கிடக்கிற ஒத்தைச் செருப்பு. அவன் பயந்தாங்கொள்ளி இல்ல. பாத்துப் பாத்து உறைஞ்சு போனவன்.

"அம்மா, உனக்கு முட்டி வலி. அதுல உக்காரணும்னா தரைக்கு இறங்கணும். நானே ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் பாத்து வச்சிருக்கேன். அழகா காய்கறி வாங்கிட்டு வரலாம்."

"காய்கறி வாங்க எனக்குக் கால் இருக்கு."

மறுநாள் எனக்கு ஃபோன். "தோழர், மூணு இடத்துல வண்டி பாக்கணும். கூட வாங்க." எந்தப் பேச்சுவார்த்தைக்கும் தனியா போகக்கூடாதுன்னு சங்கத்துல நான்தான் சொல்லிக் குடுத்தது. போகாம இருக்க முடியுமா? மகனும் வந்தான். தடுக்கறதுக்கு வந்தான், அதை அவன் மறைக்கவும் இல்ல.

தவளைக்கு மூணு தலைமுறை. இப்ப கம்பெனி செய்யறதை நிறுத்திட்டான், கிடைக்கறது எல்லாம் ஏற்கனவே ஒருத்தர் ஓட்டின பழைய வண்டிதான். மூத்தது, நடுவுலது, கடைக்குட்டி. மூணையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் முடிவுன்னு டிரைவரம்மா சொல்லிட்டாங்க.

மூத்ததை வச்சிருந்தவர் மெத்தைக் கடைக்காரர். கடைக்குப் பின்னாடி குடோன், குடோனுக்கு முன்னாடி பெரிய சிமெண்ட் முற்றம், அதுல ஒரு ஓரமா துணி போத்தின மேடு. துணியை அவர் எடுத்த விதத்தைப் பாக்கணும். தூங்கற குழந்தை மேல இருந்து போர்வை எடுக்கற மாதிரி. உள்ள கரும்பச்சைத் தவளை. கண்ணாடியை ஏத்தி இறக்கக் கைப்பிடி. மொத்த டேஷ்போர்டுலயும் முள்ளு வச்ச வட்டங்கள்தான், திரைன்னு ஒண்ணு கிடையாது. கிளட்ச் கல்லு மாதிரி கனம். டிரைவரம்மா மிதிச்சுப் பாத்துட்டு "நம்ம பஸ்ஸே தேவல"ன்னு சொன்னாங்க, ஆனா சிரிச்சுக்கிட்டே.

மெத்தைக்காரர் முன் சீட்ல. நானும் மகனும் பின்னாடி. பின் சீட்டுன்னு சொல்றது மரியாதைக்கு. ரெண்டு பையை வைக்கிற இடத்துல ரெண்டு ஆம்பளைங்களை மடிச்சு வச்சிருந்தாங்க. என் முட்டி என் தாடையில இருந்துச்சு.

மூத்ததோட குணம் என்னன்னா, கீழ் வேகத்துல செத்த மாதிரி கிடக்கும். மிதிச்சாலும் கேக்காது. என்னடா இதுன்னு நினைக்கறப்ப விசில் கேக்கும், முதுகுல யாரோ ரெண்டு கையாலயும் தள்ளின மாதிரி கிளம்பும். அப்படித் தள்ளினப்ப மகன் என் கையைப் பிடிச்சான். நான் எதைப் பிடிச்சேன்னு சொல்ல மாட்டேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஒரு முச்சந்தி வர்ற வரைக்கும். இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். பஸ்ல டிரைவர் சீட் முன் சக்கரத்துக்கும் முன்னாடி இருக்கும். திருப்பம் வந்தா, டிரைவர் அதைத் தாண்டி வந்ததுக்கு அப்புறம்தான் ஸ்டீரிங்கை ஒடிக்கணும். முன்னாடியே ஒடிச்சா வால் போய் கம்பத்துல இடிக்கும். வேலைக்குப் போன காலம் முழுக்க அந்தக் கை அப்படித்தான் ஒடிச்சிருக்கு. தவளையில முன் சக்கரம் எங்கயோ மூக்குக்குப் பக்கத்துல, சீட் பின்னாடி. டிரைவரம்மா பஸ் கணக்குல காத்திருந்து, காத்திருந்து, ஒடிச்சாங்க. வண்டி அகலமாப் போய் எதிர்ப்பக்க ஓரக்கல்லுல முன் சக்கரத்தைத் தேச்சுக்கிட்டே திரும்புச்சு. கரகரன்னு ஒரு சத்தம். பல்லு கூசிருச்சு.

முற்றத்துக்கு வந்து நிறுத்தினதும் மெத்தைக்காரர் இறங்கி, சக்கரத்து முன்னாடி குத்தவச்சு உக்காந்தாரு.

"அம்மா! நேத்து வரைக்கும் ஒரு கீறல் கிடையாது! பிள்ளை மாதிரி வச்சிருந்தேன்! பஸ் ஓட்டினவங்கன்னு சொன்னாங்களே, இப்படித்தான் ஓட்டினீங்களா? உங்க ரூட்ல எத்தனை நடைபாதை மிச்சம் இருக்கு?"

அவர் திட்டத் திட்ட டிரைவரம்மா முகத்துல ஒரு சந்தோஷம் படருது. எனக்குப் புரியல. அப்புறம் கவனிச்சேன். மனுஷன் கத்தறாரு, தலையில அடிச்சுக்கறாரு, ஆனா எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. சாவிகிட்ட கையைக் கொண்டு போகல. கத்தி முடிச்சு, மூச்சு வாங்கி, இன்னொரு ரவுண்டு கத்தி, அதுக்கப்புறம்தான் எட்டி அணைச்சாரு.

இது டிப்போ பழக்கம். விரட்டி ஓட்டின டர்போ வண்டியை வந்ததும் அணைக்கக்கூடாது. காத்தாடி தீயா சுத்திக்கிட்டு இருக்கும், எஞ்சின் நின்னா எண்ணெய் நின்னுரும், காத்தாடியைத் தாங்கற பேரிங் கருகிரும். சும்மா கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைக்கணும். மூச்சு வாங்கட்டும்னு எங்க டிப்போவுல அதுக்குப் பேரு. டிரைவரம்மா பஸ்ஸை நிறுத்திட்டு, மூச்சு வாங்க விட்டுட்டு, அந்த நேரத்துலதான் தலையைச் சீவிக்குவாங்க.

சக்கரத்தைச் சரி பண்ணித் தர்றதாச் சொல்லிட்டுக் கிளம்பினோம். மகன் தெருமுனை வரைக்கும் பொறுத்தான். "போதுமாம்மா?"

"இன்னும் ரெண்டு இருக்கு."

நடுவுலது ஒரு உடற்பயிற்சிக்கூடக்காரன்கிட்ட இருந்துச்சு. சிவப்பு. மூத்ததைவிட ஒரு சுத்துப் பெருத்த உடம்பு, வெண்ணெய் மாதிரி கிளட்ச், பூப்போல ஸ்டீரிங். டர்போ சின்னது, அதனால சீக்கிரம் சுத்தும். மிதிச்சா உடனே கேக்கும், காத்திருக்க வேணாம். தள்ளறதும் முதுகுல அடிக்கிற மாதிரி இல்ல, தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போற மாதிரி. திருப்பம் வந்தப்ப டிரைவரம்மா உதட்டைக் கடிச்சுக்கிட்டு முன்கூட்டியே ஒடிச்சாங்க. கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க, உள்பக்கம் உரசப் பாத்துச்சு, பிழைச்சோம். மகனே "இது பரவால்ல"ன்னு சொல்லிட்டான். எனக்கும் பிடிச்சிருந்துச்சு. முட்டி தாடைக்கு வரல.

திரும்பி வர்றப்ப, வண்டி என்ன பண்ணும்னு காட்டறேன்னு அந்தத் தம்பியே ஓட்டினான். நல்லா விரட்டினான். வாசல்ல கொண்டுவந்து நிறுத்தி, நிறுத்தின வேகத்துல சாவியைத் திருப்பி அணைச்சான். பானெட்டுக்குள்ள டிக் டிக்னு சூடு அடங்கற சத்தம்.

"தம்பி, எப்பவும் இப்படித்தான் அணைப்பியா?"

"வேற எப்படிக்கா அணைக்கறது?"

டிரைவரம்மா பானெட் மேல கையை வச்சாங்க. ஜுரம் பாக்கற மாதிரி. "பாவம், ஓடிவந்தவன் வாயைப் பொத்தற. உடம்பு வளக்கறவன்தானே நீ, உனக்குத் தெரிய வேணாம்? வேணாம்பா. நல்ல வண்டி. நீ முடிச்சுவச்சுட்ட."

கடைக்குட்டி ஒரு பெரிய ஷோரூம்ல. பழைய கார்தான், ஆனா புதுசு மாதிரி விளக்குப் போட்டு வச்சிருந்தாங்க. வெள்ளை. ரெண்டு டர்போ. கியரை நாம போட வேணாம், அதுவே போட்டுக்கும். டேஷ்போர்டு முழுக்க டிவி. சீட் தானா சூடாகும், தானா முதுகைப் பிடிச்சுவிடும். சேல்ஸ்மேன் ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்தான். மகன் முகம் மலர்ந்துக்கிட்டே போச்சு. கடைசியா ஏதோ சொல்ல, ரெண்டு பேரும் தனியாப் போய் மகனோட ஃபோனை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. திரும்பி வந்தவன் "அம்மா, இதுன்னா எனக்குச் சம்மதம்"னான்.

நான் நம்பல. சீக்கிரமா ஒத்துக்கற நிர்வாகத்தை நான் நம்பினதே கிடையாது. எங்கயாவது ஒரு வரி சின்ன எழுத்துல இருக்கும்.

புறவழிச் சாலையில ஏறினோம். சத்தமே இல்ல, பஞ்சுல போற மாதிரி. டிரைவரம்மா பாதம் மெதுவா இறங்குது. வேகம் ஏறுது. ஏறுது. நின்னுருச்சு. அவங்க இன்னும் மிதிச்சாங்க. ஒண்ணும் ஆகல. ரோடு காலியாத்தான் இருக்கு, பாதம் தரையைத் தொட்டாச்சு.

ஓரம் கட்டினாங்க. மூச்சு வாங்க விட்டாங்க. அணைச்சாங்க. இறங்கி, பின் கதவைத் திறந்தாங்க.

"யாரு வச்சது?"

"என்னம்மா?"

"பூட்டு. வேலைக்குப் போன காலமெல்லாம் என் பாதத்துக்கு அடியில இருந்தது அது. எனக்குத் தெரியாதா? யாரு வச்சது?"

மகன் ஃபோனை மடியில கவுத்து வச்சான். அது போதும் பதிலுக்கு.

"ஃபோன்லயே வைக்கலாம்மா. வீட்டுல இருந்தே கூட மாத்தலாம். எண்பது வச்சேன். எண்பது நல்ல வேகம்தானே?"

"அவனுங்க அம்பது வச்சானுங்க. பெத்த பிள்ளை நீ, முப்பது கூட்டிக் குடுத்திருக்க."

"அம்மா, நான் தினமும் நசுங்கின வண்டியைப் பாக்கறேன்மா. அதுல இருந்தவங்களை யாரும் கேக்க மாட்டாங்க. என்னைத்தான் கேப்பாங்க, எப்படி நடந்துச்சுன்னு எழுதச் சொல்லி. உன்னைப் பத்தி என்னை எழுத வச்சிராத."

அந்த இடத்துல வேற தாயா இருந்தா விட்டுக் குடுத்திருப்பாங்க. லாரிங்க சர்ர்னு போய்க்கிட்டு இருக்கு, டிரைவரம்மா கண்ணு ஒவ்வொண்ணையும் பாத்துட்டுத் திரும்புது.

"உன் பயம் எனக்குப் புரியுதுடா. நீ பாக்கறது மோதின வண்டி. நான் பஸ் நிறைய ஜனத்தை ஏத்திக்கிட்டுப் போய், மோதாம இறக்கிவிட்டவ. ஸ்கூல் பிள்ளைங்க, பிள்ளைத்தாச்சிங்க, எல்லாரையும் நம்பி விட்டானுங்க என்கிட்ட. வேகத்தை மட்டும் நம்பல. எவ்ளோ போகணும், எங்க குறைக்கணும்னு என் பாதம் சொல்லும். உன் ஃபோன் சொல்ல வேணாம். சாவியைக் கொண்டு போய் அந்த ஷோரூம்காரன்கிட்ட குடு."

நான் சாட்சிக்கு வந்தவன். ஆனா கேட்டுட்டேன். "டிரைவரம்மா, மூத்ததுல இந்தப் பூட்டு வைக்க முடியாதா?"

"எங்க வைப்பான் தோழர்? அதுல ஃபோன் பேசணும்னாலே வண்டியை நிறுத்தணும்."

மெத்தைக்காரர் முதல்ல முடியாதுன்னுட்டாரு. சக்கரத்தைச் சரி பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்தும் முடியாதுன்னுட்டாரு.

"நீங்க எனக்கு அக்கா மாதிரி. ஆனா வண்டியைத் தர மாட்டேன். இதைத் தெரிஞ்ச கையிலதான் குடுப்பேன்."

"அக்கான்னு கூப்பிட்டுட்டு அடுத்த வார்த்தையில இல்லன்றவனை இன்னைக்குத்தான் பாக்கறேன். கைக்குத் தெரியலன்னா கத்துக்கும். இங்கயே கத்துக்கறேன். உன் முற்றம், உன் வண்டி, உன் கண்ணு முன்னாடி. ஒரு கீறல் விழுந்தா நான் இந்தப் பக்கமே வரல."

அவர் யோசிச்சாரு. மருமக யோசிக்கல. அன்னைக்கு அவளும் வந்திருந்தா. நேரா குடோனுக்குள்ள போய் சுருட்டி நிக்க வச்சிருந்த பஞ்சு மெத்தை ஒண்ணைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து முற்றத்து நடுவுல நிறுத்தினா. "இடிச்சாலும் வண்டிக்கு வலிக்காதுல்ல அண்ணே?" மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதோட பாதி தோத்துட்டாரு. கடை ஆளுங்களும் சேர்ந்து வரிசையா மெத்தையை நட்டாங்க.

முதல் சுத்துல டிரைவரம்மா பஸ் கணக்குல ஒடிச்சாங்க. மெத்தை காலி. ரெண்டாவது சுத்துல அவசரப்பட்டு ஒடிச்சாங்க, உள்பக்க மெத்தை காலி. "அத்தை, இரட்டைக் கட்டில் மெத்தை போச்சு!"ன்னு மருமக கத்தறா. கடையாளுங்க கைதட்டறாங்க. டிரைவரம்மா காதுலயே வாங்கல. இறங்கினாங்க. பானெட் பக்கம் வந்து, முன் சக்கரத்துல இருந்து சீட் வரைக்கும் சாண் சாணா அளந்தாங்க. திரும்ப ஏறி, கண்ணை மூடி, கையை மட்டும் காத்துல திருப்பிப் பாத்தாங்க. பழகின கையை மாத்தறது சுலபம்னு நினைக்கறவங்க நாளைக்குப் பேனாவை இன்னொரு கையில பிடிச்சுப் பாருங்க.

சாயங்காலம் வரைக்கும் நடந்துச்சு. விழற மெத்தை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசியா ஒரு சுத்து, விசில் கேக்கற அளவுக்கு மிதிச்சு, மெத்தைகளுக்கு நடுவுல பாம்பு மாதிரி போய் வந்தாங்க. ஒரு மெத்தை கூட ஆடல. வந்து நிறுத்தினாங்க. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. இடுப்புல இருந்து சீப்பை எடுத்து தலையைச் சீவினாங்க. சீவி முடிச்சு அணைச்சாங்க.

மெத்தைக்காரர் அந்தச் சீப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் உள்ள போய், வண்டிக்குப் போத்தற துணியை மடிச்சு எடுத்துட்டு வந்தாரு. "இதுவும் சேத்துதான்க்கா. மழையில விட்றாதீங்க."

வீட்டுக்கு எடுத்துட்டுப் போற அன்னைக்கு மகன் வந்தான். வர மாட்டான்னுதான் நினைச்சோம். முன் சீட்ல உக்காந்தான், பெல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்தான், ஃபோனை எடுத்து அணைச்சுப் பையில போட்டான். "நீ ஓட்டும்மா. நான் பாக்கறேன்"னான். அவ்ளோதான். நான் பின்னாடி, திரும்பவும் முட்டியும் தாடையும் ஒண்ணா.

விரைவுச் சாலைக்கு ஏறினதும் முன்னாடி ஒரு பஸ். எங்க டிப்போ வண்டி. பின்னாடி லாரிக்காரன் ஹாரனைப் பிடிச்சு அழுத்திக்கிட்டு இருக்கான். டிரைவரம்மா முள்ளைப் பாத்தாங்க. பஸ்ஸுக்குப் பின்னாடி நம்ம வேகம் சரியா அம்பது.

"ஓட்டறது யாருன்னு தெரியுதாம்மா?"ன்னு மகன் கேட்டான்.

"தெரியல. போற வேகத்தைப் பாத்தா பொம்பளைதான்."

மகன் சிரிக்கல. அந்த பஸ்ஸையே பாத்தான். சீல் வச்ச ஈயத்தை அவன் அன்னைக்குத்தான் பாத்தான்னு நினைக்கறேன்.

டிரைவரம்மா வலது கண்ணாடி பாத்தாங்க, இடது கண்ணாடி பாத்தாங்க. கியரைக் குறைச்சாங்க. மிதிச்சாங்க. தவளை வழக்கம்போல கொஞ்சம் பதுங்குச்சு. விசில் வந்துச்சு. பஸ்ஸைத் தாண்டறப்ப ஹாரனை ரெண்டு தடவை தட்டினாங்க. மேல இருந்து பஸ் ஹாரன் பதில் சொல்லுச்சு, நீளமா.

ரோட்டோரம் ஒரு வட்டப் போர்டு வந்துச்சு. அந்தச் சாலையில கார்ல போற யாருக்கும் சட்டம் குடுத்திருக்கற அளவு அதுல இருந்துச்சு. ஆம்பளை, பொம்பளை, மகன், அம்மா, யாருக்கும் அதே அளவு. முள்ளு நேரா அங்க போய் நின்னுச்சு. ஒரு நூல் கூடல, ஒரு நூல் குறையல. பாதம் அங்கயே நின்னுருச்சு, அதை யாரும் நிறுத்தல.

நூத்தி இருபது.